மரியாதை இல்லாமல் அனுப்பப்பட்ட 167 பேர்

அமெரிக்க ஆமியிலிருந்து விலகிறவர்களுக்கு ஒரு பத்திரம் கொடுப்பார்கள். எத்தனை வருசம் இருந்தான், எந்தப் பிரிவில் இருந்தான், எப்படிப்பட்ட ஆள் என்று அதில் எழுதியிருக்கும். வேலை கேட்டுப் போனால் முதலாளி அதைத்தான் கேட்பான். பென்சனுக்கும் அதுதான் வேணும். செத்தால் படையினருக்கான மயானத்தில் ஆறடி நிலம் கிடைக்கிறதும் அந்தத் தாளைப் பொறுத்ததுதான்.

1906 இல் இந்தப் பத்திரம் மூன்று விதமாக இருந்தது. மரியாதையுடன் விலகியவர் என்பது ஒன்று. இராணுவ நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளி என்று கண்டு அவமரியாதையுடன் துரத்துவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது, 'மரியாதை இல்லாமல்' விலக்கப்பட்டவர் என்று. அதற்கு நீதிமன்றம் தேவையில்லை, சாட்சி தேவையில்லை, வக்கீல் தேவையில்லை. மேலே இருக்கிறவர் ஒரு கையெழுத்துப் போட்டால் காணும்.

நான் எழுத வந்தது அந்த நடுப் பத்திரத்தைப் பற்றித்தான். 1906 நவம்பரில் ஒரே கட்டளையில் 167 பேருக்கு அதைக் கொடுத்தார்கள். அதை மாற்றி எழுத 66 வருசம் எடுத்தது. அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்குப் பிறவுண்ஸ்வில் என்ற பெயர் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பிறவுண்ஸ்வில் ரெக்சாஸ் மாநிலத்தின் தெற்கு மூலையில் இருக்கிற ஊர். றியோ கிறான்டே ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிக்கோ. ஊரோடு ஒட்டினபடி போர்ட் பிறவுண் என்ற ஆமிக் காம்ப். 1906 யூலை 28 ஆம் திகதி 25 ஆவது காலாட்படையின் முதலாவது பற்றாலியனில் இருந்து பி, சி, டி என்று மூன்று கம்பனிகள் நெப்ராஸ்காவிலிருந்து அங்கே வந்து இறங்கின. சிப்பாய்கள் எல்லாரும் கறுப்பர். அதிகாரிகள் எல்லாரும் வெள்ளையர். அந்தக் காலத்தில் அமெரிக்க ஆமியில் இப்படி நாலு கறுப்பு றெஜிமென்றுகள்தான். 25 ஆவது றெஜிமென்ற் சும்மா ஆக்கள் இல்லை. 1898 இல் கியூபாவில் எல் கனேயில் ஸ்பெயின்காரரோடு சண்டை பிடித்தவர்கள். பிறகு பிலிப்பைன்சிலும் நின்றவர்கள். (பிலிப்பைன்ஸ் சனத்துக்கு அமெரிக்கா செய்தது வேறு கதை. அதை இங்கே தொடங்கினால் முடியாது.)

ஊர்ச்சனத்துக்கு இவர்கள் வருவது பிடிக்கவில்லை. வரமுதலே எதிர்ப்பு. வந்த பிறகு சில பார்களில் இவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க மாட்டம் என்றார்கள். நடைபாதையில் வெள்ளைக்காரப் பெண்களுக்கு வழி விடவில்லை என்று ஒரு சுங்க அதிகாரி ஒரு சிப்பாயைக் கைத்துவக்கால் தலையில் அடித்து விழுத்தினார். இன்னொரு சிப்பாயை ஆற்றுச் சேற்றுக்குள் தள்ளி விட்டார்கள். ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஒரு கறுப்பன் பிடித்து இழுத்தான் என்று கதை பரவியது. அடுத்தநாள் மேயர் வந்து முறையிட, காம்புக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் பென்றோஸ் இரவு 8 மணிக்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேணும் என்று கட்டளை போட்டார்.

அன்றிரவு, 13 ஆம் திகதி நடுச்சாமத்தை ஒட்டி, ஊருக்குள் வெடிச்சத்தம் கேட்டது. பத்து நிமிசமளவில் சூடு நடந்தது. ஒரு பாரில் வேலை செய்த பிராங்க் நேற்றஸ் என்றவர் செத்தார். ஒரு பொலிஸ் லெப்ரினன்றுக்குக் கையில் பட்டு அந்தக் கையையே பிறகு எடுக்க வேண்டி வந்தது. காம்புக்குள் இருந்தவர்கள் தங்களைத்தான் தாக்குகிறார்கள் என்று நினைத்தார்கள். பியூகிள் ஊதி, ஆக்களை வரிசையில் நிற்பாட்டி, பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். எல்லாரும் இருந்தார்கள், இல்லாதவர் எங்கே என்பதற்கும் கணக்கு இருந்தது. விடிய விடியத் துவக்குகளைப் பார்த்தார்கள். எல்லாம் துப்புரவாக இருந்தன.

விடிந்த பிறகு மேயர் கையில் கொஞ்ச வெற்றுக் கோதுகளோடு வந்தார். தெருவில் கிடந்தவை, ஆமியின் ஸ்பிறிங்பீல்ட் துவக்கின் கோதுகள். இருளில் கறுப்புச் சிப்பாய்களைக் கண்டோம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். பென்றோசும் அந்தக் கோதுகளைப் பார்த்ததும் தன்ர ஆக்கள்தான் என்று நம்பிவிட்டார்.

ரெக்சாஸ் றேஞ்சர் கப்டன் ஒருவர் வந்து 12 சிப்பாய்களின் பெயர் எழுதிப் பிடிக்கப் பார்த்தார். ஊர் நீதிமன்றத்தின் ஜூரிமார் கூடி விசாரித்தார்கள். அந்த ஜூரி பிறவுண்ஸ்வில் சனம்தான், கறுப்பருக்குச் சாதகமாக இருந்திருக்க ஒரு காரணமும் இல்லை. அவர்களாலேயே ஒருவர்மீதும் குற்றம் சாட்ட முடியவில்லை. ஆதாரம் காணாது.

இதோடு கதை முடிந்திருக்க வேணும். முடியவில்லை.

படையை ஓக்லஹோமாவில் இருந்த போர்ட் றீனோவுக்கு மாற்றினார்கள். வோஷிங்டனில் இருந்து விசாரணைக்கு ஆக்கள் வந்தார்கள். ஒரு சிப்பாயும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: எனக்குத் தெரியாது, நான் செய்யவில்லை, செய்தவரையும் தெரியாது. ஒக்டோபரில் ஜெனரல் கார்லிங்டன் என்ற இன்ஸ்பெக்ரர் ஜெனரல் வந்தார். தென் கரோலினாவில் பிறந்தவர். அவர் ஒரு தவணை வைத்தார். அந்தத் திகதிக்குள் ஆர் செய்தது என்று சொல்லாவிட்டால் எல்லாரையும் கலைப்போம் என்றார். அப்பவும் ஒருவரும் சொல்லவில்லை. உடனே அவர் எழுதினார், இது மௌனம் காக்கிற சதி, எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஒருவனுக்கு உண்மையிலேயே தெரியாது என்றால் அவன் என்ன சொல்ல வேணும்? தெரியாது என்றுதான். தெரிந்தும் மறைக்கிறவன் என்ன சொல்லுவான்? அவனும் தெரியாது என்றுதான். இரண்டு பேரின் வாயிலும் ஒரே சொல். கேட்கிறவன் எதை நம்புகிறான் என்பது கேட்கிறவனைப் பொறுத்தது, சொல்லுகிறவனைப் பொறுத்ததில்லை. அகதி விசாரணை மேசையில் இருந்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்னுடைய விசாரணையில் 'தெரியாது' என்று நான் சொன்ன பதில்களைத்தான் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, நம்பகத்தன்மை இல்லை என்று தாளில் எழுதி அனுப்பினார்கள். ஊரில் சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி வைத்து, சொல்லாட்டில் எல்லாருக்கும் அடி என்று சொன்னபோதும் இதே கணக்குத்தான். ஆனால் ரெக்சாஸில் தலையாட்டி கூட இல்லை. தலையாட்டி இருந்தால் சிலரையாவது விட்டிருப்பான்.

ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் கட்டளையில் கையெழுத்து வைத்தது நவம்பர் 5 ஆம் திகதி. அடுத்தநாள் 6 ஆம் திகதி காங்கிரஸ் தேர்தல். வடக்கு மாநிலங்களில் இருந்த கறுப்பர் அந்தக் காலத்தில் ரூஸ்வெல்ற்றின் குடியரசுக் கட்சிக்குத்தான் போடுவார்கள். லிங்கனின் கட்சி எல்லோ. கட்டளை வெளியில் வந்தது வாக்குப் போட்டு முடிந்த பிறகு. இதைத் தற்செயல் என்று நம்பச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் நம்பவில்லை.

167 பேரும் மரியாதை இல்லாமல் விலக்கப்பட்டார்கள். ஆமியிலோ கடற்படையிலோ இனி எப்பவும் சேர முடியாது. அரசாங்கத்தில் சிவில் வேலையும் எடுக்க முடியாது. (சிவில் வேலைத் தடையை மட்டும் 1907 ஜனவரியில் ரூஸ்வெல்ற் தானே நீக்கினார்.) ஒருவருக்கும் இராணுவ நீதிமன்ற விசாரணை நடக்கவில்லை. ஆனால் வெள்ளை அதிகாரிகளான மேஜர் பென்றோசுக்கும் கப்டன் மக்லினுக்கும் கவனக்குறைவு என்று இராணுவ நீதிமன்றம் வைத்தார்கள். சாட்சி கூப்பிட்டு, வக்கீல் வைத்து, ஒழுங்காக விசாரித்து இரண்டு பேரையும் குற்றமற்றவர் என்று விட்டார்கள். அதிகாரிக்கு விசாரணை, சிப்பாய்க்குக் கையெழுத்து.

அந்த 167 பேரில் மிங்கோ சான்டேர்ஸ் என்று ஒருவர். பி கம்பனியின் முதல் சார்ஜன்ற். 1881 இல் சேர்ந்தவர். கியூபா, பிலிப்பைன்ஸ் இரண்டிலும் சண்டை பிடித்தவர். பென்சனுக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. கியூபாவில் சாப்பாடு இல்லாமல் நின்ற நேரம் ரூஸ்வெல்ற்றின் குதிரைப் படைக்குத் தன்ர கம்பனி பிஸ்கற்றைப் பங்கு போட்டுக் கொடுத்தது என்று அவர் சொன்னார். அந்த ரூஸ்வெல்ற்தான் இப்ப ஜனாதிபதி. சான்டேர்ஸ் திரும்பவும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். கிடைக்கவில்லை. 25 வருசத்துக்கு மேல் ஒரு படையில் இருந்த மனுசன் வெறுங்கையோடு போனார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. புக்கர் வோஷிங்டன், கறுப்பர்களின் பெரிய தலைவர், 1901 இல் ரூஸ்வெல்ற்றோடு வெள்ளை மாளிகையில் ஒன்றாக இருந்து சாப்பிட்டவர். கட்டளை வெளியில் வரமுதலே கொஞ்சம் பொறுங்கோ என்று தனிப்பட்ட முறையில் கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. பகிரங்கமாக அவர் சண்டை பிடிக்கவுமில்லை. மேரி சேர்ச் ரெரல் என்ற கறுப்புப் பெண்மணி யுத்த அமைச்சர் ராப்ற்றை நேரே போய்க் கண்டு கதைத்தார். ரூஸ்வெல்ற் அப்ப பனாமாக் கால்வாய் பார்க்கப் போயிருந்தார். ராப்ற் மனம் இரங்கிக் கட்டளையைத் தற்காலிகமாக நிற்பாட்டி வைத்தார். ரூஸ்வெல்ற் விடவில்லை. கட்டளை திரும்ப நடந்தது. இந்த ராப்ற்தான் அடுத்த ஜனாதிபதி. ரெரல் அம்மையார் ஓர் அமைச்சரின் அறைக்குள் போய் கட்டளையைக் கொஞ்ச நேரம் என்றாலும் நிற்பாட்டினது எனக்குப் பெரிய விசயமாகத்தான் படுகிறது. அந்த வருசத்தில் அவருக்கு வாக்குரிமையே இல்லை.

மற்ற ஆள் ஜோசப் போறேக்கர். ஒகாயோ மாநில செனற்றர். வெள்ளைக்காரர், குடியரசுக் கட்சி, பெரிய கொம்பனிகளுக்குச் சார்பான ஆள். ஜனாதிபதிப் பதவியில் கண் வைத்திருந்தவர். அவர் ஏன் இதற்குள் இறங்கினார் என்பதற்கு அரசியல் கணக்கும் இருந்திருக்கும். ஆனால் ஆதாரங்களை எடுத்துப் படிக்கப் படிக்க அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது, இந்த ஆக்கள் செய்யவில்லை என்று. 1907 ஜனவரியில் வோஷிங்டனில் பத்திரிகைக்காரர் வைத்த ஒரு விருந்தில் ஜனாதிபதியும் அவரும் எல்லாருக்கும் முன்னால் இதைப் பற்றிக் கொளுவிக்கொண்டார்கள்.

செனற்சபையின் இராணுவக் குழு ஒரு வருசத்துக்கு மேல் விசாரித்தது. அந்தக் கோதுகளைத்தான் எல்லாரும் பிடித்துத் தொங்கினார்கள். அவற்றைப் பிலடெல்பியாவில் இருந்த பிராங்போர்ட் ஆயுதசாலையில் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். துவக்குக்கும் கோதுக்கும் பொருத்தம் பார்க்கிற வேலை உலகத்திலேயே அப்பதான் தொடங்குது என்று சொல்லலாம். முடிவு, கோதுகள் பி கம்பனியின் நாலு துவக்குகளில் சுடப்பட்டவை. சரி, பிடித்தாச்சு என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த நாலில் ஒன்று அன்றிரவு ஆயுதப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த துவக்கு. பூட்டிக் கிடந்த துவக்கு எப்படித் தெருவில் சுடும்?

போறேக்கர் சொன்ன விளக்கம் இதுதான். நெப்ராஸ்காவில் இந்த ஆக்கள் சூட்டுப் பயிற்சி எடுத்த இடத்தில் பொறுக்கின வெற்றுக் கோதுகளைப் பெட்டியில் போட்டு பிறவுண்ஸ்வில்லுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பெட்டி விறாந்தையில் திறந்தபடி கிடந்தது. போறவாறவர் அள்ளலாம். ஊரில் ஆரோ அள்ளிக்கொண்டுபோய்த் தெருவில் போட்டிருக்கலாம்.

குழுவில் 9 பேர் ரூஸ்வெல்ற் செய்தது சரி என்றார்கள். 4 பேர் இல்லை என்றார்கள். 1908 மார்ச்சில் அறிக்கை வந்தது.

ரூஸ்வெல்ற் அதோடும் விடவில்லை. யுத்தத் திணைக்களம் தனியார் துப்பறிவாளரைக் காசு கொடுத்துப் பிடித்தது. அவர்கள் விலக்கப்பட்ட சிப்பாய்களைத் தேடித் தேடித் தெற்கு மாநிலங்களில் அலைந்தார்கள். ஜோர்ஜியாவில் ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அறிக்கை கொடுத்தார்கள். ஜனாதிபதி அதைக் காங்கிரசுக்கு அனுப்பினார். அந்தச் சிப்பாய் தான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று மறுத்தார். போறேக்கர் அதைச் செனற்சபையில் எழும்பிக் கிழித்துப் போட்டார். ஒரு நாட்டின் ஜனாதிபதி, வேலையில்லாமல் திரிகிற ஒரு முன்னாள் சிப்பாயின் வாயில் இருந்து ஒரு சொல்லை எடுக்க இவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்றால், அவருக்கே முழு நம்பிக்கை இல்லாமல் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். 1913 இல் ரூஸ்வெல்ற் எழுதின சுயசரிதையில் பிறவுண்ஸ்வில் பற்றி ஒரு சொல் இல்லை.

போறேக்கரின் அரசியல் இதோடு முடிந்தது. 1908 இல் ஸ்ராண்டேட் ஒயில் கொம்பனியோடு அவருக்கு இருந்த பணத் தொடர்பு பத்திரிகையில் வந்ததும் ஒரு காரணம். அவரை முழுத் தியாகியாக்க நான் தயாரில்லை. ஆனால் 1909 மார்ச்சில் பதவியை விட்டுப் போகும்போது வோஷிங்டன் கறுப்பர்கள் தங்கடை தேவாலயத்துக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். அவர் கடைசியாக நிறைவேற வைத்த சட்டத்தின்படி ஓய்வுபெற்ற ஐந்து ஜெனரல்மாரைக் கொண்ட விசாரணை மன்றம் ஒன்று அமைந்தது. திரும்பச் சேரத் தகுதி உள்ளவர் ஆர் ஆர் என்று அது தீர்மானிக்க வேணும்.

பத்திரத்தை மாற்றக் கேட்கிற முதல் சந்தர்ப்பம் அதுதான். 1910 இல் மன்றம் 14 பேரின் பெயரைச் சொன்னது. 167 இல் 14. அதில் 11 பேர் திரும்பப் போய்ச் சேர்ந்தார்கள். மற்ற 153 பேர் ஏன் இல்லை? சொல்லவில்லை. இந்த 14 பேர் ஏன்? அதையும் சொல்லவில்லை. மிங்கோ சான்டேர்ஸின் பெயர் அந்த 14 இல் இல்லை.

நான் ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்கிறவன். இந்தக் கதையை ஒருநாள் வெங்காயம் உரித்தபடி எங்கடை குசினியில் நிற்கிற பருத்தித்துறை அண்ணைக்குச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார், "அப்ப சுட்டது ஆரடாப்பா?"

"தெரியாது அண்ணை. இண்டைக்கும் தெரியாது."

"தெரியாமலே முடிச்சுப்போட்டாங்களோ?"

"ஓம்."

"அப்ப அவங்கள் செய்திருக்கவும் கூடும்?"

இது நியாயமான கேள்வி. மழுப்பக்கூடாது. ஊர்க்காரர்தான் கறுப்பரைக் கலைக்கத் திட்டம்போட்டுச் செய்தார்கள் என்று எழுதினவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் என்னிடம் அதற்கு ஆதாரம் இல்லை. ஒரு பேச்சுக்குப் பத்துச் சிப்பாய்கள் மதிலால் பாய்ந்து போய்ச் சுட்டார்கள் என்றே வைப்போம். அப்படி என்றாலும் மிச்சம் 157 பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? அண்ணை வெங்காயத்தை வெட்டிக்கொண்டு, "பக்கத்துக் கட்டிலில படுத்ததுதான்" என்றார். நான் இவ்வளவு பக்கம் எழுதிச் சொல்ல நினைத்ததை அவர் மூன்று சொல்லில் சொல்லிப்போட்டார்.

பிறகு அறுபது வருசம் ஒன்றும் நடக்கவில்லை. ஆக்கள் செத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரின் பெயர் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் விபரமாகத் தெரியும். டோர்சி வில்லிஸ். மிசிசிப்பியில் 1886 பெப்ரவரி 11 ஆம் திகதி பிறந்தவர். 1905 இல் படையில் சேர்ந்து டி கம்பனியில் இருந்தார். கலைக்கப்பட்டபோது வயது 20. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல வேலை ஒன்றும் எடுக்க முடியவில்லை. 1913 இல் மின்னியாபொலிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு வங்கிக் கட்டிடத்தில் இருந்த சலூனில் தரை கூட்டுகிற, சப்பாத்துத் துடைக்கிற வேலை. அந்த வேலையை 59 வருசம் செய்தார். 59 வருசம்! நான் கோப்பை கழுவத் தொடங்கி இருபது வருசம் ஆகவில்லை, அதற்குள்ளே முதுகு சொல்கிறது.

இதற்கிடையில் அந்த நடுப் பத்திரத்துக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேணும். 1916 இல் 'மரியாதை இல்லாமல்' என்ற பத்திரத்தை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். நீலத் தாளில் அச்சடித்தபடியால் நீலப் பத்திரம் என்று பெயர். மரியாதை என்றும் இல்லை, அவமரியாதை என்றும் இல்லை. சொல் மாறியது, சாமான் அதேதான். இரண்டாம் உலக யுத்தத்தில் அதை அள்ளிக் கொடுத்தார்கள். 1941 டிசம்பரில் இருந்து 1945 யூன் வரைக்கும் ஆமி கொடுத்த நீலப் பத்திரங்கள் 48,603. அதில் 10,806 கறுப்பருக்கு. அதாவது நூற்றுக்கு 22 பேர். ஆமியில் கறுப்பர் இருந்தது நூற்றுக்கு ஆறரைப் பேர்தான். ஒருபாலுறவுக்காரர் என்று சந்தேகப்பட்டவர்களையும் இதே தாளைக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். தாளின் நிறத்தைக் கண்டதுமே முதலாளிமாருக்கு விளங்கிவிடும். பிற்ஸ்பேர்க் கூரியர் என்ற கறுப்பரின் பத்திரிகை 1945 இல் இதை எதிர்த்துப் பெரிய இயக்கமே நடத்தியது. 1947 இல் நீலத்தை நிற்பாட்டினார்கள்.

இன்றைக்கு அமெரிக்காவில் பத்திரத்தை உயர்த்திக் கேட்கிறதற்கு இருக்கிற வழி 1944 இல் வந்தது. யுத்தத்தால் திரும்பினவர்களுக்குப் படிப்புக்கும் வீட்டுக்கும் உதவுகிற சட்டத்தோடு, விலக்கலை மீளாய்வு செய்கிற சபைகளையும் சேர்த்து அமைத்தார்கள். விலகி 15 வருசத்துக்குள் விண்ணப்பிக்க வேணும். அது கடந்தால் பதிவேடுகளைத் திருத்துகிற இன்னொரு சபைக்கு வேறு படிவத்தில் எழுத வேணும். 1970களில் வியட்நாமில் இருந்து வந்தவர்களும், ஒருபாலுறவுக்காரர் என்று 2011 வரைக்கும் வெளியேற்றப்பட்டவர்களும் இந்தக் கதவுகளைத்தான் தட்டினார்கள். பத்திரம் பிழை என்று காட்ட வேண்டியது விண்ணப்பிக்கிறவர். கொடுத்தவர் சரி என்றுதான் சபை தொடங்கும். எங்களுக்குப் பழகின முறைதான்.

படிவம் நிரப்பத் தெரியாதவர், நிரப்பக் காசில்லாதவர், செத்துப்போனவர், இவர்களுக்கு என்ன வழி? பிறவுண்ஸ்வில் ஆக்களுக்கு ஒரு புத்தகம்தான் வழியாக வந்தது. 1970 இல் ஜோன் வீவர் என்ற எழுத்தாளர் முழு ஆவணங்களையும் கிண்டி 'பிறவுண்ஸ்வில் தாக்குதல்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். லொஸ் ஏஞ்சலசின் கறுப்பு காங்கிரஸ் உறுப்பினர் ஓகஸ்ரஸ் ஹோக்கின்ஸ் அதைப் படித்துவிட்டு 1971 இல் மசோதா கொண்டுவந்தார். ஆமிக்குள்ளேயும் திரும்பப் பார்த்தார்கள். 1972 செப்ரெம்பர் 28 ஆம் திகதி ஆமிச் செயலாளர் றொபேட் புறோல்கி கட்டளை போட்டார், எல்லாருடைய பத்திரமும் மரியாதையுடன் விலகியதாக மாற்றப்படுகிறது என்று. அதிலும் ஆர் சுட்டது என்ற கேள்வியைத் தொடவில்லை. கூட்டுத் தண்டனை பிழை என்பதுதான் அடிப்படை. பிற்சம்பளம் ஒன்றும் இல்லை.

கட்டளை போட்டுவிட்டு ஆக்களைத் தேடினால் ஆக்கள் இல்லை. மின்னியாபொலிசில் சப்பாத்துத் துடைத்த டோர்சி வில்லிஸைக் கண்டுபிடித்தார்கள்.

1973 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அவருடைய 87 ஆவது பிறந்தநாள். மின்னியாபொலிசில் கறுப்பருடைய சீயோன் தேவாலயத்துக்கு ஒரு மேஜர் ஜெனரல் வந்து பத்திரத்தைக் கையில் கொடுத்தார். அந்த வருசக் கடைசியில் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு 25,000 டொலர், மறுமணம் செய்யாத விதவைகளுக்கு 10,000 டொலர். 1906 இல் இருந்து கணக்குப் பார்த்தால் நாளுக்கு ஒரு டொலர் சொச்சம். பத்து டொலர் இல்லை, ஒரு டொலர். அந்தத் தொகைக்கும் நிக்சன் அரசாங்கம் முதலில் சம்மதிக்கவில்லை. வில்லிஸ் 1977 இல் 91 வயதில் செத்தார். போர்ட் ஸ்நெல்லிங் தேசிய மயானத்தில் படை மரியாதைக்குரிய இடத்தில் புதைத்தார்கள். அதற்கு அந்தப் புதுத் தாள் தேவைப்பட்டது. ஆர் சுட்டது என்று தனக்குத் தெரியாது என்பதை அவர் கடைசி வரைக்கும் மாற்றிச் சொல்லவில்லை. 20 வயதில் சொன்ன அதே பதில்.

ஏ9 பாதை பூட்டி என்னுடைய யாழ்ப்பாணப் படிப்பு நின்றது 2006 ஓகஸ்டில். பிறவுண்ஸ்வில் சூட்டுக்குச் சரியாக நூறு வருசம். வெறும் தற்செயல்தான், ஆனால் திகதிகளைப் பார்க்கும்போது கண்ணில் பட்டது. பல்கலைக்கழகப் பதிவேட்டில் என்ர பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார்களோ தெரியாது. 'இடையில் விலகியவர்' என்று இருக்கக்கூடும். பாதை பூட்டினதென்று அதில் எழுத ஒரு கட்டம் இருக்காது.

இன்னொரு வழக்கையும் சொல்லிவிட்டு நிற்பாட்டுகிறேன். 24 ஆவது காலாட்படை, இதுவும் கறுப்பு றெஜிமென்ற், இதுவும் ரெக்சாஸ். 1917 ஓகஸ்டில் ஹூஸ்ரனில் பொலிசின் அடி உதை தாங்க முடியாமல் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். இங்கே சுட்டது ஆர் என்ற மர்மம் இல்லை, சிப்பாய்கள் சுட்டார்கள், சனம் செத்தது. 110 பேரை இராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்றது. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அதில் முதல் 13 பேரை 1917 டிசம்பர் 11 ஆம் திகதி, மேன்முறையீட்டுக்கு நேரமே கொடுக்காமல், ஒரே காலையில். 2023 நவம்பரில், 106 வருசம் கழித்து, அந்த விசாரணைகள் நீதியாக நடக்கவில்லை என்று சொல்லி ஆமி 110 தீர்ப்புகளையும் ரத்துச்செய்தது. அவர்களின் சேவை மரியாதையுடன் முடிந்ததாகப் பதிவேட்டில் திருத்தம். 2024 பெப்ரவரியில் சான் அன்ரோனியோ மயானத்தில் இருக்கிற 17 பேருக்குப் புதுக் கல்லறைக்கல் வைத்தார்கள். அதுவரைக்கும் இருந்த கல்லில் பெயரும் செத்த திகதியும் மட்டும்தான். புதுக்கல்லில் பதவியும் பிரிவும் உண்டு.

சந்ததியினருக்குச் சலுகைகள் ஏதும் கிடைக்கக்கூடும், அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். விண்ணப்பத்தோடு, அந்த 110 பேரில் ஒருவருக்குத் தாங்கள் இன்ன உறவு என்று காட்டுகிற பத்திரங்களையும் இணைக்க வேணுமாம்.